தண்ணீரில் இறங்காதவர்

யூதக் குருமார்களான ரபிகள் வந்திருந்த வாரத்தில்தான் லெயோன் அண்ணன் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று சொன்னார். எங்களில் யாரும் முதலில் அதை நம்பவில்லை. பந்தல் போட்டு, ஊரைக் கூப்பிட்டு, மேடை வரைக்கும் வந்த மாப்பிள்ளை எழுந்து போனதைப் போல இருந்தது.

ஏனென்றால் அந்த மூன்று ரபிகளையும் பெரு நாட்டில் எங்கள் ஊரான இக்கிடோஸுக்கு வரவழைத்ததே அவர்தான். அவர் இல்லாவிட்டால் எங்களில் ஒருவருக்கும் ஒரு ஜெபமும் தெரிந்திருக்காது.

லெயோன் அசயாக் என் பெரியப்பா மகன். எங்கள் தாத்தாவின் அப்பா ரப்பர் காலத்தில் மொரோக்கோவின் தாஞ்சியரிலிருந்து கப்பலேறி இந்த அமேசான் ஆற்றுக்கு வந்தவர். அப்போது வந்த யூதர்கள் எல்லோருமே ஆண்கள். கட்டிக்கொள்ள யூதப் பெண் ஏது? ஆற்றங்கரைப் பெண்களைக் கட்டினார்கள். ரப்பர் விலை விழுந்ததும் பாதிப்பேர் ஊர் திரும்பினார்கள். தங்கியவர்கள் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயரையும், சில பாட்டுகளையும், பன்றி ஆகாது என்ற ஒரு ஞாபகத்தையும் விட்டுப் போனார்கள். நாங்கள் அந்தப் பிள்ளைகளுடைய பேரப்பிள்ளைகள். ஞானஸ்நானம் வாங்கினோம், கன்னியாஸ்திரீகளிடம் படித்தோம். ஊர் மட்டும் எங்கள் வீட்டை யூதன் வீடு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பெரியப்பா ஹகோபோ மட்டும் வேறு மாதிரி. அவர் தன் கல்யாணத்துக்குக்கூட மாதா கோயிலுக்குள் நுழையவில்லை. தினமும் காலையில் அந்தப் பழைய ஜெபச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிழக்கே பார்த்து நிற்பார். அவருக்கு எழுத்து தெரியாது. காதால் கேட்டதை வாயால் சொன்னார், அவ்வளவுதான். அவர் இறந்தபோது ஊர்க் கல்லறையின் மூலையில், சுவர் கட்டிய எங்கள் பகுதியில் புதைத்து, தலைமாட்டில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரம் வைத்தோம்.

அப்பாவுக்காகக் கதீஷ் சொல்ல வேண்டும் என்று அண்ணன் நினைத்தார். இறந்தவருக்குப் பிள்ளை சொல்லும் ஜெபம் அது. சொல்லப் பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். அண்ணன் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ரொட்டிக்கடைக்காரர், சுங்க அலுவலக எழுத்தர், மோட்டார்கார் ஓட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒவ்வொருவராகப் பிடித்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, லெயோன்" என்றார்கள் எல்லோரும்.

"ஆமென் தெரியும்ல? அது போதும், வாங்க."

அப்படிப் பத்துப் பேர் அவருடைய படகு மோட்டார் பட்டறையின் பின்னறையில், எண்ணெய் நாற்றத்தின் நடுவே கூடினார்கள். அப்பாவுக்கான வருஷம் முடிந்த பிறகும் யாரும் வருவதை நிறுத்தவில்லை. மனைவிகள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் பட்டறையில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று ஆற்றில் ஓடும் படகுக்காரர்களுக்கே தெரிந்துபோனது. நான் பெலேன் சந்தையில் மீன் விற்கிறவள். எங்கள் ஆற்றில் ருசியான மீனுக்கெல்லாம் செதில் கிடையாது, செதில் இல்லாதது எங்களுக்கு ஆகாது. அதனால் வெள்ளிக்கிழமைக்கென்று செதில் உள்ள கமித்தானாவாகப் பார்த்து எடுத்து வைப்பேன். பக்கத்துக் கடைக்காரி சிரிப்பாள். "மெச்சே, உங்க கடவுளுக்கு நல்ல மீனே பிடிக்காதா?" என்பாள்.

இதில் எல்லோரையும் விட ஆழமாக இறங்கியது அண்ணனின் மனைவி எல்வீராதான். நாவ்தா ஊர்ப் பெண். கல்யாணமாகி வந்தபோது சட்டைக்குள் மாதா பதக்கம் போட்டிருந்தாள். முதலில் புருஷனுக்காக வெள்ளிக்கிழமை ரொட்டியைச் சடை போலப் பின்னிச் சுட்டுக் கொடுத்தாள். பிறகு மகள் ரகேலுடன் உட்கார்ந்து எபிரேய எழுத்துகளைக் கற்றாள். கடைசியில் அண்ணன் ஜெபத்தில் ஒரு வார்த்தையைத் தவறவிட்டால் பெண்கள் உட்காரும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் எடுத்துக் கொடுக்கும்.

லீமா நகரத்துப் பெரிய யூதர்கள் எங்களைச் சீண்டவில்லை. தாய் யூதச்சியாக இருந்தால்தான் பிள்ளை யூதன் என்பது சட்டம். எங்கள் தாய்மார் எல்லோரும் ஆற்றுக்காரிகள். சுற்றுலா வந்த ஒரு லீமா அம்மாள் பட்டறையைப் பார்த்துவிட்டு, "காட்டு யூதர்கள்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அண்ணன் அசரவில்லை. ரபிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் வெளிநாட்டு ரபி ஒருவர் பதில் போட்டார். இரண்டு வருஷம் கம்ப்யூட்டரில் பாடம் நடந்தது. ஆண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் விருத்தசேதனம் செய்துகொண்டார்கள். அந்த மாதம் ஊரில் பாதி ஆம்பிளைகள் வாத்து மாதிரி நடந்தார்கள். அதற்குப் பிறகுதான் மூன்று ரபிகளும் வந்தார்கள், ஒவ்வொருவரையும் விசாரித்து, தண்ணீரில் முக்கி, யூதர்களாகச் சேர்த்துக்கொள்ள.

விசாரணை பட்டறையின் பின்னறையில் நடந்தது. நான் சேரவில்லை. என் வீட்டுக்காரர் லொரென்ஸோ மாதா ஊர்வலத்தில் பல்லக்குத் தூக்குகிறவர், அவர் மாற மாட்டார், அவரை விட்டு நானும் மாற மாட்டேன். அதனால் பழச்சாறு ஊற்றிக் கொடுக்கிற வேலை எனக்கு. எல்லாவற்றையும் கேட்டேன்.

எல்வீராவிடம் பெரிய ரபி மேஜையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக் காட்டினார். "இதைச் சாப்பிடும் முன்னால என்ன சொல்லுவீங்க? மரத்தோட பழத்துக்குச் சொல்றதா, மண்ணோட பழத்துக்குச் சொல்றதா?"

"மண்ணோடது" என்றாள் எல்வீரா. "வாழை மரம் இல்லையே, ரபி. ஒரு தார் போட்டா செத்துடுது. பக்கத்துல வேற கன்னு வருது."

ரபி சிரித்துவிட்டு அந்தப் பழத்தை அவளிடமே கொடுத்தார்.

அண்ணனைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். மூவரும் எழுந்து நின்று வரவேற்றார்கள்.

"உங்களைக் கேள்வி கேக்க எங்களுக்கே கூச்சமா இருக்கு" என்றார் பெரிய ரபி. "நீங்க ஏற்கெனவே விருத்தசேதனம் ஆனவர். சடங்குக்குப் பேருக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுக்கணும், தண்ணியில ஒரு முழுக்கு. வெளிய வரும்போது நீங்க யூதர்."

"உள்ள இறங்கும்போது?" என்று கேட்டார் அண்ணன்.

ரபி நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை. "யூத வம்சம். ஆனா சட்டப்படி யூதர் இல்லை."

"எங்க அப்பா?"

"அவங்க அம்மா யாரு?"

"செபெரீனா. உகயாலி ஆத்துக்காரி."

"அப்படின்னா அவரும் இல்லை."

"அவரு சாகுற வரைக்கும் தினம் காலைல கிழக்க பாத்து நின்னாரு."

"கடவுள் அதைக் கேட்டிருப்பாரு. சட்டம் வேற, தோன் லெயோன்" என்றார் ரபி, மரியாதைக்குத் தோன் சேர்த்து.

அண்ணன் கையிலிருந்த தொப்பியை மடித்து மடித்துப் பிரித்தார். "நான் இந்தத் தண்ணில இறங்கினா, எங்கப்பா யூதரே இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. மத்தவங்க எல்லாரும் இறங்கட்டும், ரபி. அவங்களுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நான் ஏற்கெனவே யூதன்தான்."

அவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் பெரிய ரபி எல்வீராவைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அவள் நேராக வீட்டுக்குப் போனாள். அரிசியை இலையில் வைத்து ஹுவானே கட்டுவதற்காக நான் அவர்கள் வீட்டு அடுப்படியில்தான் இருந்தேன். அவர்கள் என்னைப் பொருட்படுத்தவில்லை.

"நான் இறங்கி நீ இறங்கலைன்னா, நான் உன்கூட ஒரே கட்டில்ல படுக்கக் கூடாதாம். நான் யூதச்சி, நீ வெளியாளாம். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ இறங்க மாட்டேன்னு பயந்தேன்."

"இது நீ என்னை இழுத்துட்டு வந்த வழி, லெயோன். இப்ப நடுவுல உக்காந்துக்கிற."

"நான் எங்கயும் உக்காரல. நான் முதல்லேருந்தே அங்கதான் இருக்கேன்."

"அப்ப நான்? நான் மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு இருந்தவ. உனக்கு அப்பன் இருந்தான், தாத்தன் இருந்தான். எனக்குன்னு அதுல என்ன இருக்கு? அந்தத் தண்ணி மட்டும்தான் இருக்கு. எனக்கு அது வேணும்."

"போய் இறங்கு. நான் தடுக்கலையே."

"நீயும் வா."

"எங்கப்பாவை நானே குழியிலேருந்து தூக்கி வெளிய போட முடியாது, எல்வீரா."

"உங்கப்பா செத்துட்டாரு" என்றாள் அவள். "நான் உயிரோட இருக்கேன்."

அவள் இலைக்கட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் முழுக்கு நடந்தது. பெண்களுக்காகத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தோம். நான் துண்டு பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது அண்ணன்தான். வந்தவர் கீழே இறங்கவில்லை, சாலையைப் பார்த்தபடி ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். எல்வீரா மூன்று முறை மூழ்கி எழுந்தாள். நான் துண்டைப் போர்த்தினேன். அவள் முகத்தில் வழிந்தது கண்ணீரா, குளத்துத் தண்ணீரா என்று தெரியவில்லை. எங்களில் மூத்தவரான தோன் சலொமோன் ஆண்கள் பக்கத்திலிருந்து வெளியே வந்து, "முக்கி எடுத்துச் செதில் இருக்கான்னு பாத்தாங்கப்பா, இருந்துச்சு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லாரிக்குள் இருந்தவருக்கும் அது கேட்டிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் மோசமாகப் போனது. வழக்கம் போல அண்ணன் திராட்சை ரசக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினார். ரொட்டிக்கடைக்காரர் மகன் மத்தியாஸ் நெளிந்தான். அண்ணன்தான் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். "சேராதவங்க கை பட்டா அந்த ரசத்தை நாங்க குடிக்கக் கூடாதுன்னு ரபி சொல்லிட்டுப் போனாரு."

"எவன்டா அவன், இவரு கையைச் சொல்றவன்?" என்று தோன் சலொமோன் கைத்தடியைத் தரையில் தட்டினார். "இவரு வீட்டுத் தரையில நின்னுக்கிட்டு..."

"அவன் சொல்றது சரிதான், தோன் சலொமோன்" என்றார் அண்ணன். "நாமதானே சட்டம் வேணும்னு கேட்டோம்." கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் போய் நின்றார். மத்தியாஸ் கிண்ணத்தை எடுத்துப் பாடினான். பத்துப் பேரை எண்ணினார்கள். அண்ணனைத் தாண்டி எண்ணினார்கள்.

அன்றிலிருந்து அண்ணன் பட்டறையில் ஊஞ்சல்வலை கட்டிப் படுத்தார். எல்வீரா சாப்பாட்டை ரகேலிடம் கொடுத்து அனுப்பினாள். இருவரும் சண்டை போடவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் நின்று பேசுவார்கள், அடுத்த வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது போல. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு இஸ்ரேலுக்குப் போகும் காகிதங்கள் வர ஆரம்பித்தன. அண்ணன் கனவு கண்டது இதை அல்ல. ஊரில் ஒரு ஜெப வீடு, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, ஒருவர் செத்தால் தயங்காமல் ஓடி வரும் பத்துப் பேர், இவ்வளவுதான் அவர் கேட்டது. ஆனால் இங்கே வேலை இல்லை, வருஷா வருஷம் வெள்ளம். அங்கே வீடும் வேலையும் தருகிறார்கள் என்றால் யார் நிற்பார்கள்? வாத்தியார் குடும்பம் முதலில் போனது. ரொட்டிக்கடையைப் பூட்டிவிட்டு மத்தியாஸ் வீட்டார் போனார்கள். போகிற ஒவ்வொருவரும் பட்டறைக்கு வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

"உங்களாலதான் அண்ணே நாங்க போறோம்" என்று நன்றியோடு சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

எல்வீராவும் ரகேலும் மழைக்காலம் தொடங்கும்போது கிளம்பினார்கள். ரகேல் அங்கே படிக்க வேண்டும், அவளைத் தனியாக அனுப்ப முடியாது. விமான நிலையத்தில் ரகேல் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. எல்வீரா அவரைத் தொடவில்லை. தொடக் கூடாது. பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, "பட்டன் தெச்சுட்டேன்" என்று நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"பிடிவாதம் போனா கூப்பிடு" என்றாள்.

"நீ குளிருக்குப் போர்த்திக்கோ" என்றார்.

ஐந்தாறு வருஷத்தில் பின்னறையில் நாற்காலிகள்தான் மிஞ்சின. அண்ணன், தோன் சலொமோன், அவ்வப்போது சுங்க எழுத்தர், மீன் கொண்டு வரும் நான். தோன் சலொமோனும் ஒரு மதியம் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. புதைக்க வந்தவர்களில் பாதி என் வீட்டுக்காரருடைய பல்லக்குத் தூக்கும் கூட்டாளிகள். தூக்கத் தெரிந்தவர்கள் என்று அழைத்து வந்தேன். அண்ணன் குழியருகே புத்தகத்தைத் திறந்தார். சங்கீதம் வாசித்தார். கதீஷ் வந்ததும் நிறுத்திவிட்டு, மண்வெட்டியோடு நின்ற ஆட்களை எண்ணுவது போல ஒரு தடவை பார்த்தார். அப்புறம் புத்தகத்தை மூடினார்.

திரும்பும்போது மோட்டார்காரில் என்னிடம் சொன்னார். "நான் லீமாவுக்குப் போய் வரேன், மெச்சே. தண்ணியில இறங்கிடறேன். எங்கப்பாவுக்கு நான் பாத்தது போதும். இந்த மனுஷனுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லாமப் போச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்வீராவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். பட்டறையில் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நல்ல பையன், அந்த ரபி. காப்பி குடுத்தாரு. உங்க ஊர்ல வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வராங்கன்னு கேட்டாரு. ரெண்டு பேரு, கூட ஒரு மீன்காரின்னேன்." சிரித்தார். "அப்ப அங்க யூதனா வாழ முடியாது, வாழ முடியாத இடத்துல இருக்கிறவரை எப்படிச் சேத்துக்கிறதுன்னாரு. லீமாவுக்குக் குடி வாங்க, ஒரு வருஷம் ஜெப வீட்டுக்குப் பக்கத்துல இருங்க, பாக்கலாம்னாரு."

"இருந்துடுங்களேன், அண்ணே."

"அந்தத் தெருவுல நடந்து பாத்தேன். ஒரே பனிமூட்டம். ஜெப வீட்டு வாசல்ல காவல்காரன் யாரு நீங்கன்னு கேட்டான். என்ன சொல்றதுன்னு தெரியல. அங்க அவங்களுக்கு நான் வேண்டியதில்ல, மெச்சே. இங்கதான் ஆள் இல்லை. நானும் கிளம்பிட்டா கல்லறையில புல்லு வெட்டக்கூட யாரும் கிடையாது."

அந்த வாரமே எல்வீரா கூப்பிட்டாள். மோட்டார் சத்தத்தில் அண்ணனுக்குக் காது மந்தம், அதனால் போனை உரக்க வைத்துத்தான் பேசுவார். நான் எழுந்து போகப் பார்த்தேன், உட்கார் என்று கை காட்டினார்.

எல்வீரா ரகேலின் வேலையைப் பற்றிச் சொன்னாள், வெயிலைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "இங்க ஒருத்தர் என்னைக் கேக்குறாரு, லெயோன்" என்றாள். "பொண்டாட்டி செத்தவரு. நான் இன்னும் பதில் சொல்லல."

"உனக்கு முதல்ல விவாகரத்து வேணுமே."

"வேணாமாம். கேட்டுட்டேன். நான் இறங்கின அன்னிக்கே எல்லாம் போச்சாம். அவங்க கணக்குல நமக்குக் கல்யாணமே நடக்கலையாம்."



"நல்லவரா?" என்றார் அண்ணன்.

"நல்லவருதான். கோபமே வராது."

"அப்ப பதில் சொல்லு. அவரைக் காக்க வைக்காத."

அவர் லீமாவுக்குப் போனதை அவளிடம் சொல்லவே இல்லை. நான் வாயைத் திறந்தபோது என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இன்றுவரை எல்வீராவுக்குத் தெரியாது.

யூதப் புது வருஷத்துக்கு முன்னால் கல்லறையைச் சுத்தம் செய்ய அவரோடு போனேன். அவர் புல்லை வெட்டினார், நான் நட்சத்திரங்களில் படிந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பெரியப்பா ஹகோபோவின் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. அண்ணன் அரிவாளை ஊன்றி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சட்டப்படி என்னை இங்க வைக்கக் கூடாது" என்றார்.

"இந்த மதில் கதவுச் சாவி உங்ககிட்டத்தான் இருக்கு, அண்ணே. இங்க யாரு வந்து தடுக்கப் போறா?"

"அதான் மெச்சே. தடுக்கவாவது ஒருத்தன் இருக்கணும்."

மழை தூற ஆரம்பித்தது. இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருந்தது. அவர் குனிந்து வெட்ட ஆரம்பித்தார். நான் நாரை நனைத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குப் போனேன்.